பாதியில் மூடிய புத்தகங்கள்

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் புத்தளம் மாவட்டத்தின் பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் பதாதைகள் தொங்கத் தொடங்கிவிடும். தேசிய வாசிப்பு மாதம் என்று அடையாளப்படுத்தப்பட்டுள்ள இம்மாதத்தில் பேச்சுப் போட்டிகள், கட்டுரைப் போட்டிகள், ஊர்வலங்கள் யாவும் குறைவின்றி நடைபெறுகின்றன. பதாதைகளில் காணப்படும் வாசகமும் ஆண்டுதோறும் ஒன்றேதான். வாசிப்பினால் மனிதன் அடையும் நிறைவைப் பற்றிய அவ்வாசகத்தை வாசகர்கள் அனைவரும் அறிவர் என்பதால் இங்கே மீண்டும் எழுதவில்லை. அது பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஆங்கில அறிஞர் 1597 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிலிருந்து பெறப்பட்டதாகும். அதே கட்டுரையில், எல்லா நூல்களும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே கவனத்துடன் வாசிக்கப்பட வேண்டியவை அல்ல என்ற கருத்தையும் அவர் தெளிவாக எழுதியுள்ளார். அப்பகுதியைப் பதாதையில் எழுதியவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை.

பிடிக்காத புத்தகத்தை என்ன செய்வது? வாசிப்பைப் பற்றி இத்தனை மேடைகளில் இத்தனை உரைகள் நிகழ்த்தப்படும் நாட்டில் இக்கேள்விக்கு மாத்திரம் எவரும் பதில் கூறுவதில்லை. ஆயினும் வாசிக்கும் ஒவ்வொருவரும் தனிமையில் இக்கேள்வியை எதிர்கொண்டே வருகின்றனர்.

இம்மாவட்டத்தின் கரையோர நூலகமொன்றில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் எமக்கு ஒரு நுட்பத்தைக் காட்டினார். இறாக்கையிலிருந்து தடித்த நாவல் ஒன்றை எடுத்து, அதைத் திறக்காமலே அதன் பக்கங்களின் வெட்டு விளிம்பை எம்மிடம் நீட்டினார். முதல் விரற்கடை அளவு கைபட்டுக் கறுத்திருந்தது. அதற்கப்பால் முழுவதும் வெள்ளை. "இரவல் பதிவின்படி இந்தப் புத்தகம் நாற்பது பேர் வாசித்தது. விளிம்பின்படி நாற்பது பேரும் இந்த இடத்தோடு நின்றுவிட்டார்கள்" என்றார் அவர். பின்னர் குரலைத் தாழ்த்தி, திருப்பிக் கொடுக்க வரும்போது புத்தகம் எப்படியிருந்தது என்று வினவினால் அவர்களில் ஒருவர்கூட முடிக்கவில்லை என்று கூறியதில்லை, நல்ல புத்தகம் என்றே அனைவரும் கூறிச் சென்றனர் என்றும் சொன்னார். அந்த நாற்பது பொய்களைப் பற்றியே நாம் இங்கு பேச விழைகிறோம்.

முடிக்காமல் விட்டதைச் சொல்லக் கூச்சம் ஏன்? இது வெறும் பொய்ப் பெருமை என்று நாம் கருதவில்லை. இதன் வேர் ஆழமானது. எமது சமூகங்கள் இரண்டிலும் நூல் என்பது பல நூற்றாண்டுகளாகத் தனியே அமர்ந்து கண்ணால் மேய்வதற்குரிய பொருளாக இருக்கவில்லை. அது கூடியிருந்து ஓதப்படுவதாகவும், தொடங்கினால் முடிக்கப்பட வேண்டியதாகவுமே இருந்து வந்துள்ளது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கந்தபுராணத்தை ஆலயங்களில் ஒருவர் படிக்க இன்னொருவர் பயன் சொல்வார். படனம் பூர்த்தியாகும் நாள் ஒரு விழாவாகும். திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும் மரபும் அத்தகையதே. ஆடி மாதத் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற அத்தகைய ஆலயமொன்று எமது கரையோரத்து உடப்பில் உள்ளது. முஸ்லிம் இல்லங்களில் சிறுவர் குர்ஆனை ஓதி முடித்து கத்தம் செய்யும் நாள் குடும்பமே மகிழும் நாள் அல்லவா? வேதத்துக்கும் புராணத்துக்கும் உரிய இந்த ஒழுக்கத்தை நாம் அறியாமலே கதைப் புத்தகத்தின் மீதும் ஏற்றிவிட்டோம். பாதியில் நிறுத்தப்பட்ட நாவல், நிறைவேற்றப்படாத நேர்த்திக்கடன் போன்று எமது மனத்தை உறுத்துகின்றது.

மரபு கூட இவ்விடயத்தில் நாம் நினைக்குமளவுக்குக் கடுமையானதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டிருந்தும் நபிகள் நாயகத்தின் வாழ்வை முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்ற பெயரில் பின்னர் பாடினார். முடிவு பெறாத காவியத்தைத் தமிழ் முஸ்லிம்கள் முந்நூறு ஆண்டுகளாகப் போற்றி வருகின்றனரேயன்றி எவரும் குறை கூறியதில்லை.

மற்றொரு காரணம் வறுமை. நூல் அரிதாகக் கிடைத்த காலத்தில் கைக்கு வந்ததை எவரும் கைவிடுவதில்லை. எமது இளமைக் காலத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் சனசமூக நிலைய வாசிகசாலைகளில் நாளேடுகளும் அட்டை கிழிந்த சில நூல்களுமே இருந்தன. துப்பறியும் கதையோ, சித்த வைத்தியக் குறிப்போ, கிடைத்ததை அட்டை முதல் அட்டை வரை வாசித்தோம். விருப்பு வெறுப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. அந்தப் பசியில் பெற்ற பழக்கத்தை நாம் பின்னர் ஒழுக்கம் என்று பெயரிட்டுப் பிள்ளைகளிடம் வற்புறுத்துகின்றோம்.

நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் எமக்கு அந்நியர் அல்லர். 1892 இல் சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் அவர். 1931 இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்களுக்குப் பாடமாகவுள்ளன. நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பன அடுத்த இரண்டும். நான்காவது விதி வாசகரின் நேரத்தைப் பேணுமாறு கூறுகின்றது. ஒரு நூலை நீங்கள் பாதியில் மூடும்போது, அந்நூல் தாழ்ந்தது என்றோ நீங்கள் தாழ்ந்தவர் என்றோ இவ்விதிகள் தீர்ப்பளிக்கவில்லை. அந்நூலின் வாசகர் வேறெங்கோ இருக்கிறார், உங்கள் நூல் வேறொரு இறாக்கையில் இருக்கிறது, அவ்வளவே. நேரத்தின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மாதம் 2 நூல்கள் வீதம் 40 ஆண்டுகள் இடைவிடாது வாசிப்பவர் 960 நூல்களையே வாசித்திருப்பார். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள நடுத்தர அளவிலான எந்தவொரு நூலகத்திலும் அதனைவிட அதிகமான நூல்கள் உண்டு.

மேலைநாட்டார் இதனை மேலும் வெளிப்படையாகப் பேசியுள்ளனர். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான தானியல் பெனாக் 1992 இல் எழுதிய நூலொன்றில் வாசகருக்குப் பத்து உரிமைகளை வழங்கினார். நூலை முடிக்காமல் விடும் உரிமை அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகரான நான்சி பேர்ல் என்ற அம்மையார் வகுத்த கணக்கு சுவையானது. 50 வயது வரை எந்த நூலுக்கும் 50 பக்கங்கள் வாய்ப்பளிக்க வேண்டும். அதன் பின்னர் 100 இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்கள் போதும். எமக்கு இப்போது நாற்பத்துச் சொச்சம் பக்கங்களே. வயது ஏறுவதால் கிடைக்கும் சலுகைகள் மிகச் சிலவே; இதனை நாம் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறோம்.

எனினும் இக்கணக்கைச் சூத்திரமாகக் கொள்வதில் எமக்கு ஒரு தயக்கம் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988 இல் நூலாக வெளிவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தின் பேச்சுமொழியில், மலையாளமும் அறபுச் சொற்களும் விரவ எழுதப்பட்ட நாவல் அது. எமது கரையோர வாசகர் அதன் முதற் பக்கங்களில் திணறுவது இயல்பு. நாமும் திணறினோம், இருமுறை மூடி வைத்தோம். மூன்றாம் முறை அதனைத் திறக்கச் செய்தவர், கடற்றொழிலாளர் குடும்பத்தில் பிறந்த நண்பர் ஒருவர். அவர் நாவலைப் புகழவில்லை. "கண்ணால் வாசிக்க வேண்டாம், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், முதல் முப்பது பக்கம் தாண்டினால் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி எங்கள் ஊரில் யார் என்று உங்களுக்கே விளங்கிவிடும்" என்று மட்டும் கூறினார். அன்றிரவு வாய்விட்டு வாசித்தோம். வீட்டார் எமக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று ஐயுற்றது வேறு கதை. நூல் திறந்துகொண்டது.

சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'யும் அவ்வாறே. 1885 இல் வெளிவந்த, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அந்நூலை முதல் என்ற பெருமைக்காகவே பலர் கையில் எடுத்து, அதன் பழைய நடைக்கு அஞ்சிச் சில பக்கங்களில் வைத்துவிடுகின்றனர். அதனைப் பாடப்புத்தகமாகக் கருதாமல், எகிப்திலும் இந்தியாவிலும் நிகழும் ஒரு சாகசக் கதையாக எண்ணி வாசிக்குமாறு யாரேனும் அவர்களுக்குச் சொல்லியிருப்பின் பலர் முடித்திருப்பர். மறுபுறம், 1997 இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தை நாம் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நிறுத்தினோம். அதனைப் பலமுறை வாசித்து மகிழ்ந்த நண்பர் எமக்கு இருக்கிறார். அவருக்கும் எமக்குமிடையே நட்பில் எக்குறையும் இல்லை. நான்காம் முறை முயல்வதாக அவரிடம் வாக்களிக்கவுமில்லை.

ஆகவே எதனை விடுவது, எதனில் சற்றுப் பொறுப்பது என்பதை எந்தப் பக்கக் கணக்கும் எமக்குக் கூறாது. எம்மையும் அறிந்து, நூலையும் அறிந்த ஒருவரே கூற முடியும். நண்பரின் பரிந்துரை என்பதன் பெறுமதி இங்கேதான் உள்ளது. "அருமையான புத்தகம், கட்டாயம் வாசியுங்கள்" என்பது பரிந்துரையன்று. அது ஒரு முகமன். எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் தொய்யும், யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பவற்றைச் சொல்வதே பரிந்துரை. எமது கரையில் தொழிலிலிருந்து திரும்பும் மீனவரைப் பாருங்கள். மீன் பட்ட இடத்தை மறைப்பவர்கூட, வலை கிழிந்த முருகைக்கல் எங்கே கிடக்கிறது என்பதை மறைப்பதில்லை.

இக்கலையில் எமது மாவட்டத்துக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1807 இல் கற்பிட்டியில் பிறந்து, பிற்காலத்தில் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக விளங்கிய சைமன் காசிச்செட்டி 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டினதும் ஈழத்தினதும் ஏறத்தாழ இருநூறு புலவர்களை அறிமுகம் செய்யும் அந்நூல், தமிழ்ப் புலவர் சரித்திரங்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' அதன் வழியில் வந்ததேயாகும். அச்சேறாத ஏடுகள் வீடுகளில் முடங்கிக் கிடந்த காலத்தில், இன்னார் இருந்தார், இன்னது பாடினார் என்று அறியாதவருக்கு எடுத்துக் கூறிய அம்முயற்சியை, ஒரு வாசகர் ஏனைய வாசகருக்கு எழுதிய நீண்ட பரிந்துரைக் கடிதமாகவே நாம் காண்கிறோம். இன்று 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வறுமை தீர்ந்துவிட்டது. எதனைத் திறப்பது என்று சொல்வாரைத்தான் காணோம்.

ஏன் காணோம்? எமது நூல் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை என எல்லாம் உண்டு. நூலை வாசித்தவர் மட்டும் மேடையில் அரிது. தமிழர் விழாவாயினும் முஸ்லிம்களின் விழாவாயினும் இதில் வேறுபாடில்லை. எமக்கு இதனைக் குறைகூறும் தகுதியும் குறைவே. சில ஆண்டுகளுக்கு முன்னர், இளம் எழுத்தாளர் ஒருவரின் நாவலுக்கு நயவுரை ஆற்றுமாறு அழைக்கப்பட்டோம். 60 பக்கங்களுக்கு மேல் எம்மால் நகர முடியவில்லை. இறுதி அத்தியாயத்தை மாத்திரம் பார்த்துக்கொண்டு மேடையேறி, பின்னரைப் பகுதியில் கதை பேருருக் கொள்கிறது என்று முழங்கினோம். சபையிலிருந்த ஆசிரிய நண்பர் ஒருவர் எமது சொல்லை நம்பி இரண்டு பிரதிகள் வாங்கினார். மூன்று வாரங்களின் பின்னர் வீட்டுக்கு வந்து, "சேர், அந்தப் பேருரு எந்த அத்தியாயத்தில் வருகிறது?" என்று மிகுந்த பணிவுடன் கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னரும் அவர் எம்முடன் அன்பாகவே பழகி வருகிறார். ஆனால் வாசிப்பதற்கு ஒரு நூல் சொல்லுங்கள் என்று அவர் அதன் பின்னர் எம்மிடம் கேட்டதேயில்லை. அந்த இளம் எழுத்தாளருக்கும் நாம் நன்மை செய்யவில்லை. 60 ஆம் பக்கத்தில் எங்கே, ஏன் நின்றோம் என்று தனியே அழைத்துச் சொல்லியிருந்தால் அவருக்கு அது நூறு நயவுரைகளுக்கு ஈடாகியிருக்கும்.

பாடசாலைகளைப் பற்றியும் ஒரு சொல். வாசிப்பு மாதத்தில் மாணவர் வாசித்த நூல்களின் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், கிடைத்த படிப்பினை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதச் சொல்கின்றனர். நூலின் முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்து இதனை எழுதிவிடும் திறமையைப் பிள்ளைகள் விரைவில் பெற்றுவிடுகின்றனர். இரவல் நூலகத்தின் அந்த நாற்பது பொய்களுக்கும் பயிற்சி இங்கேயே தொடங்குகின்றது. "இந்நூலை 20 ஆம் பக்கத்தில் நிறுத்தினேன், காரணம் இது" என்று எழுதும் பிள்ளைக்கும் அதே புள்ளிகளை வழங்க ஆசிரியர் ஒருவரேனும் முன்வருவாராயின் அந்த வகுப்பில் வாசிப்பைப் பற்றி உண்மையான உரையாடல் ஒன்று ஆரம்பமாகும்.

விருப்பத்தோடு பாதியில் மூடுவது வேறு, மூட நேர்வது வேறு. இதனை எமக்கு உணர்த்தியவர் புத்தளத்தில் வசிக்கும் மன்னார் நண்பர் ஒருவர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது 17. மன்னார்த் தீவிலிருந்து வெளியேறியவர்களில் பலர் படகுகளிலேயே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவருடைய குடும்பமும் அவ்வாறே வந்து சேர்ந்தது. அந்நாட்களில் அவர் பொன்னியின் செல்வனை வாசித்துக்கொண்டிருந்தார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த ஐந்து பாகங்களையும், அயலில் வசித்த தமிழ் நண்பரிடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரவல் பெற்று வந்தார். வெளியேறிய நாளில் 'கொலை வாள்' என்ற மூன்றாம் பாகம் யன்னல் ஓரத்தில், பாதிக்குச் சற்று முன்னர் அடையாளத் தாள் செருகியபடி கிடந்தது. எடுத்துவர அவகாசம் இருக்கவில்லை.

அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் பொட்டலம் சுற்றி வந்த தாள் முதல் எல்லாவற்றையும் தாம் வாசித்ததாக அவர் கூறுவார். ஆனால் பொன்னியின் செல்வனின் எஞ்சிய பாகங்கள் பின்னர் புத்தளத்திலேயே கிடைத்தபோதும் அவற்றைத் தொடவில்லை. இரவல் வாங்கியது இன்னொருவருடையது, அதை முடிக்காமலும் திருப்பிக் கொடுக்காமலும் அடுத்ததை எடுப்பது எப்படி என்பதே அவர் எமக்குச் சொன்ன காரணம். 2002 ஆம் ஆண்டுப் போர் நிறுத்தத்தின் பின்னர் அவர் மன்னாருக்குச் சென்று பழைய நண்பரைத் தேடிக் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் சந்தித்த இருவரும் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றிருக்கின்றனர். நண்பரே முதலில் வாய்திறந்தார்: "மச்சான், மூன்றாம் பாகம் எங்கே?"

வீடு கூரையின்றிக் கிடந்தது. புத்தகம் எங்கே கிடைக்கப் போகிறது? நண்பர் கொழும்புக்குச் சென்று மூன்றாம் பாகத்தின் புதிய பிரதியொன்றை வாங்கினார். அனுப்புமுன் இரண்டு இரவுகள் விழித்திருந்து அதனை முதலிலிருந்து வாசித்து முடித்தார். பதினேழு வயதில் கண்ட சுவை அதில் இல்லை என்பதை அப்போதே உணர்ந்ததாக எம்மிடம் ஒப்புக்கொண்டார். ஆயினும் முடித்தே அனுப்பினார். மன்னாரிலிருந்து மறுவாரமே, நாட்பட்டு மஞ்சளேறிய நான்காம் பாகம் அவருக்கு வந்து சேர்ந்தது.

அதனை அவர் 80 ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டார். நிறுத்தியதைத் தொலைபேசியில் நண்பருக்குத் தெரிவித்தும் விட்டார். எதிர்முனையில் சற்று நேரம் மௌனம் நிலவியதாகவும், பின்னர் அந்த நண்பர் வாய்விட்டுச் சிரித்து, தாம் ஐந்தாம் பாகத்தை இன்றுவரை திறந்தே பார்த்ததில்லை என்று கூறியதாகவும் அவர் எம்மிடம் சொன்னார்.